ஒரே வம்சத்துத் தசை

பிஷ்கெக்கில் ஓஷ் சந்தையின் கறிக்கடை வரிசையில் ஜிபாரைத் தெரியாத ஆள் கிடையாது. காலையில் முதல் ஆட்டை உரித்துத் தொங்கவிடும்போதே ஒரு சின்ன எஃகுக் குடுவையோடு வந்து நிற்பாள். ஆட்டுத் தொடையில் ஒரு நகத்தளவு, குதிரைத் தோளில் ஒரு நகத்தளவு, யாக் எருது வந்திருந்தால் அதிலும் ஒரு நகத்தளவு. வெட்டி வாங்கியதைப் பனிப்புகை கக்கும் குடுவைக்குள் போட்டு மூடிக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவாள்.

"என்ன ஜிபார், வீட்டுல விருந்தா? கறிய அள்ளிக்கிட்டுப் போற!"

"ஆமா, ஊரையே கூப்பிட்டிருக்கேன். உன்னை மட்டும்தான் கூப்பிடல."

"உன்னைக் கட்டிக்கிறவன் பட்டினியிலயே செத்துடுவான்."

"அதான் எவனையும் கட்டிக்கல. கொலைப்பழி எனக்கெதுக்கு?"

நானும் அவளும் ஒரே ஆய்வகத்தில் ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் வேலை பார்த்தவர்கள். என் பெயர் ரக்கியா. அவளைவிட வயதில் மூத்தவள், அதனால் அக்கா. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அவள் இன்றைக்கும் அதே மேசையில்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியவள், நடையிலேயே அது தெரியும். படியில் அவளோடு இறங்க என்னால் முடியாது. பிடிவாதக்காரி. நகைச்சுவை சொன்னால் உடனே சிரிக்க மாட்டாள், அரை மணி கழித்து வேலைக்கு நடுவில் தனியாகச் சிரிப்பாள்.

எங்கள் வேலையால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜிபார் அப்படியில்லை. பொறுமையாக உட்காரவைத்துக் கதை சொல்வாள். தசைக்குள் இழை இழையாகக் கயிறுகள் இருக்கின்றன, அவை இழுப்பதால்தான் நாம் நடக்கிறோம். இழுக்கும்போதெல்லாம் அந்த இழையின் மேல்தோல் கிழிந்துவிடாமல், கயிற்றையும் தோலையும் சேர்த்துக் கட்டிவைக்க ஒரு புரதம் உண்டு. டிஸ்ட்ரோஃபின் என்று பெயர். அதே சாயலில் இன்னொன்றும் உண்டு, யூட்ரோஃபின். ஈயின் தசையில் இரண்டும் கிடையாது, இரண்டுக்கும் பொதுவாக ஒன்றே ஒன்றுதான். கடலடியில் முள்ளுருண்டையாகக் கிடக்கும் கடல் முள்ளெலியிலும் ஒன்றுதான். எப்போதோ, மீன்கள் உருவாகும் காலத்தையொட்டி, அந்த ஒன்று நகலாகி இரண்டானது. அன்று தொடங்கி மீன், தவளை, ஆடு, குதிரை, நாம் என்று எல்லோர் உடம்பிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

"ஏழு தலைமுறை அப்பன் பேரைச் சொல்லத் தெரிஞ்சதுக்கே நாம இவ்ளோ பீத்திக்கிறோம். இவங்க வம்சம் அம்பது கோடி வருஷம்" என்பாள். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். கிர்கிஸ்காரனிடம் எதையாவது மண்டையில் ஏற்ற வேண்டுமானால் வம்ச வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

ஆய்வகத்தில் நாங்கள் டிஸ்ட்ரோஃபினை அண்ணன், யூட்ரோஃபினைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். தாயின் வயிற்றில் குழந்தை இருக்கும்வரை இழை நெடுகத் தம்பிதான் வேலை செய்கிறான். பிறக்கும் சமயத்தில் அண்ணன் வந்து வீட்டைப் பிடித்துக்கொள்ள, தம்பி நரம்பு வந்து சேரும் மூலையில் ஒதுங்கிவிடுகிறான். மலை உயரத்தில் வாழும் மிருகங்களில் இந்தப் பங்கீடு எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. தசையை அரைத்த சாற்றை ஜெல்லில் ஊற்றி மின்சாரம் விட்டால் புரதங்கள் அளவுவாரியாகப் பிரிந்து ஓடும். பிறகு ஒரு மெல்லிய தாளுக்கு மாற்றி, அண்ணனை மட்டும் ஒட்டிக்கொள்ளும் மருந்தை விட்டால் கறுப்பாக ஒரு கோடு எழும்பும். கோடு இருந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

ஜிபாருக்கு ஒரே தங்கை, பெர்மெத். நாரின் மலைப்பக்கம் அத்-பாஷியில் வாக்கப்பட்டவள். புருஷன் குபாத் ரஷ்யாவில் கட்டட வேலை பார்த்தான். மாமனார் ஒமுர்சாக், பந்தயக் குதிரை பழக்குபவர். அந்தப் பக்கத்தில் அவர் கை படாமல் ஜெயித்த குதிரை குறைவு. பெர்மெத்துக்கு ஒரே பையன், ஏர்மெக். அவன் தாமதமாகத்தான் நடந்தான். நடந்ததும், எங்கள் வழக்கப்படி, கணுக்காலைக் கறுப்பும் வெள்ளையுமான கம்பளிக் கயிற்றால் கட்டி, கொஞ்ச தூரத்தில் நிறுத்திவைத்தார்கள். ஓடிவந்து முதலில் சேருகிறவர் அந்தக் கயிற்றை வெட்ட வேண்டும், வெட்டினவர் கால் குழந்தைக்கு வரும் என்பார்கள். பிள்ளைகளையும் பெண்களையும் முந்திக்கொண்டு ஜிபார்தான் ஓடிப்போய் வெட்டினாள். திரும்பி வந்து இரண்டு நாள் எங்களிடம் அந்தப் பெருமைதான்.

ஏர்மெக்குக்கு ஐந்து வயது இருக்கும்போது வசந்தத் திருநாளுக்கு அங்கே போன ஜிபார், வந்ததும் வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே கேட்டேன்.

"அக்கா, பையன் தரையிலேருந்து எழுந்திருக்கிறதைப் பார்த்தேன்" என்றாள். "முதல்ல முட்டியில கை வெக்கிறான். அப்புறம் தொடையில வெக்கிறான். தன் உடம்பு மேலயே ஏணி ஏறுற மாதிரி கையால ஏறித்தான் நிமிர்றான். கெண்டைக்கால் மட்டும் உருண்டையா, கல்லு மாதிரி இருக்கு."

எனக்கும் புரிந்துவிட்டது. அண்ணன் இல்லாத பையன்களைப் பற்றி எங்கள் துறையில் படிக்காதவர் யார்? அண்ணன் இல்லையென்றால் தசை ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். கிழிந்த இடத்தில் கொழுப்பும் தழும்பும் வந்து அடைத்துக்கொள்ளும். கெண்டைக்கால் பருத்துத் தெரிவது அதனால்தான்.

பெர்மெத் பையனை பிஷ்கெக்குக்குக் கூட்டிவந்தாள். டாக்டர் தொடையிலிருந்து துளியூண்டு தசை எடுத்தார். அதில் ஒரு பங்கை ஜிபார் கேட்டு வாங்கிவந்தாள்.

"வேணாம்டி. இதை நான் பாக்கறேன், இல்லன்னா வேற யாராவது பாக்கட்டும்" என்றேன்.

"இத்தனை வருஷம் தெருவுல போற ஆடு மாட்டுக்கெல்லாம் பார்த்தேன். என் வீட்டுப் புள்ளைக்கு வேற யாராவது பாக்கணுமா?"

அவளே அரைத்தாள், அவளே ஊற்றினாள். குதிரை, ஆடு, நல்ல உடம்புள்ள ஒரு ஆள், கடைசியாக ஏர்மெக். தாளில் கோடுகள் எழும்பின. மூன்று கோடுகள் கறுப்பாக நின்றன, நான்காவது இடம் வெறுமையாக இருந்தது. "குறைவா ஊத்திட்டேன் போல" என்று மறுபடி செய்தாள். "மருந்து பழசு" என்று மறுபடி செய்தாள். அதற்குப் பிறகு தம்பிக்கான மருந்தை விட்டுப் பார்த்தாள். ஏர்மெக்கின் இடத்தில் மெலிதாக ஒரு கோடு வந்தது. நல்ல உடம்புள்ள ஆளுக்கு வந்ததைவிடச் சற்று அழுத்தமாகவே இருந்தது.

"பாருங்க அக்கா. தம்பி முயற்சி பண்றான். அவனால முடிஞ்ச வரைக்கும் பாக்கறான்" என்றாள். சொல்லிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எந்த இரண்டு பேரைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் படித்தாளோ அவர்களை அவளால் ஒரு துரும்பளவும் நகர்த்த முடியாது. அன்றைக்கு எனக்கு எங்கள் படிப்பின் மேல் வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். முகம் உப்பும், ஆனால் நடை கொஞ்சம் கூடுதலாக நீடிக்கும் என்றார். பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் சக்கர நாற்காலி வந்துவிடும். அதற்குமேல் சொல்ல அவரிடமும் எதுவும் இல்லை. பெர்மெத் ஜிபாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுல சொல்லாத அக்கா. பொண்ணு வீட்டு ரத்தம்னு சொல்லிடுவாங்க. கால் வலு கம்மி, போகப் போகச் சரியாயிடும்னு நான் சொல்லிக்கிறேன்" என்று கெஞ்சினாள். ஜிபாரும் சரி என்றுவிட்டாள். தங்கை அங்கே வாழ வேண்டியவள், வேறு என்ன சொல்ல முடியும்?

கோடையில் பெர்மெத்திடமிருந்து போன் வந்தது. "அக்கா, முன்னைவிட அதிகமா விழறான். மாமனார் அவனை மேய்ச்சலுக்குக் கூட்டிட்டுப் போய் தினம் பழக்கறார். கால் வலு கம்மின்னு நான்தானே சொன்னேன், இப்ப எப்படி வேணாம்னு சொல்றது?"

மறுநாளே கிளம்பினோம். யாக் எருதின் தசைத் துணுக்கு எடுக்கப் போகிறோம் என்று அலுவலகத்தில் சொன்னேன். டோலோன் கணவாய் ஏறி இறங்குகிறவரை ஜிபார் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

நாங்கள் மேய்ச்சல் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கூடாரத்துக்கு மேலே இருந்த சரிவில் ஒமுர்சாக் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கையில் கஷ்காவின் கடிவாளம். நெற்றியில் வெள்ளை உள்ள செங்குதிரை, அவர் கையில் இருந்ததிலேயே பேர்போனது. இன்னொரு கையில் ஏர்மெக். குதிரையின் முதுகில் ஒரு கம்பளி, வேர்ப்பதற்காக. பையன் முதுகிலும் ஒரு கம்பளி. கீழே வந்ததும் குதிரையின் கழுத்தை விரலால் வழித்து வேர்வையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். அதேபோல் பேரனின் முதுகையும் வழித்துப் பார்த்தார்.

"வேர்வை தெளிஞ்சுக்கிட்டு வருது, உடம்பு தேறுது. வாங்க வாங்க, சம்பந்தி வீட்டுப் பொண்ணுங்களா! பட்டணத்துல சோறு போடறதில்லையா, எலும்பா வந்து நிக்கறீங்க!"

"அத்தா, என்ன பண்றீங்க இவனை?" என்றாள் ஜிபார்.

"பழக்கறேன். மேல ஏத்தி இறக்குறேன். ஏறினா மூச்சு வரும், இறங்கினா கால் வரும். குட்டிங்களுக்கும் இதுதான். காலைப் பாரு! இந்தக் கெண்டைக்காலைப் பாரு! காலைப் பார்த்தே குதிரை வாங்கறவன் நான், இந்த மாதிரி சதை எந்தக் குட்டிக்கு இருக்கு? நுனிக்கால்ல நடக்கறான் பாத்தியா? ஓடற ஜாதிக்குத்தான் குதிகால் தரையில படாது."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் கண்ணுக்கு உண்மை. பருத்த கெண்டைக்கால், நுனிக்கால் நடை, இரண்டுமே நல்ல குட்டியின் அடையாளமாக அவருக்குப் பட்டிருந்தது. சரிவில் இறங்கும்போதுதான் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்க வேண்டும், அண்ணன் இல்லாத தசை அப்போதுதான் அதிகமாகக் கிழியும். குதிரைக்கு எது வலுவோ அதுவே பையனைத் தின்றுகொண்டிருந்தது. அவர் முகமெல்லாம் சந்தோஷம்.

"நிறுத்துங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நிறுத்துங்க!" என்று ஜிபார் கத்தியேவிட்டாள். "நீங்க இறக்குற ஒவ்வொரு தடவையும் இவன் கால் உள்ள கிழியுது."

ஒமுர்சாக்குக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரைப் பார்த்துச் சொல்ற? சந்தையில நகத்தளவு கறி வாங்குறவ எனக்குக் கால் சொல்லித் தரியா? இவன் கயித்த வெட்டினதே நீதான். நான் எப்பவாவது ஏன்னு கேட்டிருக்கேனா? வெட்டினவ கால் வரலியே, சரி, நானாவது வரவெக்கலாம்னு பாத்தா..."

அது அவளுக்கு எங்கே போய்த் தைத்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் பேச்சையெல்லாம் நம்பாதவள்தான். ஆனாலும் உட்கார்ந்துவிட்டாள். பையன் தாத்தாவையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தாத்தா, நான் இன்னொரு தடவை நல்லா இறங்கிக் காட்டட்டுமா?" என்றான்.

கூடாரத்திலிருந்து பெர்மெத் ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளே திரும்பி வந்து மாமனார் முன்னால் நின்று, "அக்கா சொல்லட்டும், அத்தா. நான் மறைச்சுட்டேன்" என்றாள்.

கூடாரத்துக்குள் உட்கார்ந்தோம். டீயும் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் வந்தன, யாரும் தொடவில்லை. ஜிபார் சொல்லத் தொடங்கினாள். எதிரில் இருப்பவர் வம்சம் தெரிந்தவர், அதனால் வம்சமாகவே சொன்னாள். அண்ணன், தம்பி, அவர்களுக்கு முந்தைய ஒற்றை மூதாதை. ஒமுர்சாக் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"சரி, இந்த அண்ணன் இல்லாமப் போனது எந்த அப்பன்கிட்டேருந்து?" விரல்களை மடக்கி ஏழு பேரையும் வரிசையாகச் சொன்னார். "இவங்க எல்லாரும் சாகற வரைக்கும் குதிரை ஏறினவங்க."

"அப்பன் வழியில வர்றதில்ல அத்தா. அம்மா வழியில வருது. எங்கம்மாகிட்டேருந்து பெர்மெத்துக்கு. எனக்குள்ளயும் இருக்கலாம். பொம்பளைங்களை இது பெரும்பாலும் விட்டுடும், ஆம்பளைப் புள்ளைங்களைத்தான் பிடிக்கும்."

"உங்கம்மாவுக்கு?"

"அவங்க அம்மாகிட்டேருந்து."

"அவங்க பேரு என்ன?"

ஜிபார் தங்கையைப் பார்த்தாள். தங்கைக்கும் தெரியவில்லை. அம்மாவின் தம்பி ஒருவர் சின்ன வயதில் படுத்த படுக்கையாகச் செத்துப்போனார் என்பது மட்டும் இருவருக்கும் நினைவிருந்தது. இப்போது திட்டப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "எனக்கும் என் அம்மாவோட அம்மா பேரு தெரியாது. பொம்பளைங்களை யார் எண்ணினா?" என்றார். பெர்மெத்திடம், "நீ ஏன்மா அழற, வேணும்னா பண்ணின?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது.

கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணன் செத்தா தம்பிதானே குடும்பத்தைப் பாக்கணும். என் அண்ணன் போனப்ப அவன் புள்ளைங்களை நான்தான் வளர்த்தேன். இந்தத் தம்பி என்ன பண்றான்?" என்று கேட்டார்.

"பாக்கறான் அத்தா. ஆனா கொஞ்சமாத்தான் இருக்கான். அவனை அதிகமாக்க இன்னும் யாருக்கும் வழி தெரியல. உலகம் பூரா தேடிக்கிட்டிருக்காங்க."

"குதிரைக்கும் இந்த ரெண்டு பேரும் உண்டா?"

"உண்டே. உங்க கஷ்காவோட அண்ணனையும் மனுஷனோட அண்ணனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா நானே அசந்தா மாத்திப் பாத்துடுவேன். அவ்ளோ சாயல். எல்லாம் ஒரே வம்சம்தானே."

"அதை சதையிலேருந்து எடுத்துப் பாக்கறீங்க."

"ஆமா, அதுதான் எங்க பொழைப்பே."

ஜிபாரின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. கிழவர் புரிந்துகொண்டார் என்ற நிம்மதி. கடைசியாக அவர், "அப்ப நான் என்ன பண்ணணும்னு சொல்லு" என்றார்.

"மலை ஏத்தி இறக்க வேணாம். மாத்திரை தவறாம குடுக்கணும். கணுக்காலை மெதுவா நீவி நீட்டி விடுங்க."

"நான் கேட்டது அதில்ல. இவன் நடக்கறதுக்கு என்ன பண்ணணும்?"

ஜிபார் ஆறிப்போன டீயைத் தள்ளிவைத்தாள்.

"ஒண்ணுமே இல்லியா?"

வாழ்நாள் முழுக்க எந்த நொண்டிக் குட்டியையும் விட்டுக்கொடுக்காத மனுஷன். அவரிடம் போய், கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்பதைத் தவிர எங்களிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை. நாங்கள் ஊர் திரும்பினோம். அவர் பழக்குவதை நிறுத்திவிட்டார், தினமும் சாயங்காலம் பேரனின் கணுக்காலை நீவிவிடுகிறார் என்று பெர்மெத் போனில் சொன்னாள். ஏர்மெக்கைக் கஷ்காவின் மேல் ஏற்றி மெதுவாகக் கூட்டிப்போகிறாராம். குதிரை மேல் இருந்தால் பையன் விழுவதில்லை.

பனி விழத் தொடங்கிய ஒரு நாள் மத்தியானம், ஆய்வகத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு ஒமுர்சாக் உள்ளே வந்தார். முதுகில் ஒரு பெரிய மூட்டை. காவலாளி பின்னாலேயே ஓடிவந்தான், நான் கையைக் காட்டி அனுப்பிவைத்தேன். ஜிபார் எழுந்து, "அத்தா! சொல்லியிருந்தா நான் வண்டிகிட்டயே வந்திருப்பேனே" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. மூட்டையை எங்கள் மேசையில் இறக்கிப் பிரித்தார். கம்பளிக்குள் பனிக்கட்டி, பனிக்கட்டிக்குள் துணி, துணிக்குள் ஒரு முழுத் தொடை.

"கணவாய்ல வண்டிய நிறுத்தச் சொல்லிப் புதுப் பனி அள்ளி வெச்சேன். கெட்டிருக்காது" என்றார்.

"எதுக்கு அத்தா இவ்ளோ கறி? குளிர்காலத்துக்கு அறுத்ததா?"

"கஷ்கா."

ஜிபாருக்கு உடனே புரியவில்லை. "கஷ்காவுக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? நான்தான் வெட்டினேன். வேற குதிரை வெட்டலாம்னு கூடப் பாத்தேன். ஓடாத குதிரையோட அண்ணனைக் குடுத்து என்ன பிரயோஜனம்? அதான் இதையே. வலது பின்னங்கால், அதுலதான் அது உந்தும். எடும்மா. எடுத்துப் பையனுக்குக் குடு."

அவர் சொன்னதைக் கேட்டபோது என் கையிலிருந்த கண்ணாடிக் குழாயை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஜிபார் துணியை இழுத்துத் தொடையை மறுபடி மூடினாள்.

"அத்தா... அது முடியாது."

"ஏன், கெட்டுப்போச்சா?"

"கெடல. நல்லா இருக்கு. ஆனா இதை அவனுக்குக் குடுக்க முடியாது."

"சாப்பிட்டா?"

"வயிறு அதைச் செரிச்சுடும். சாதாரணக் கறி மாதிரிதான் போகும்."

"அரைச்சு ஊசியில?"

"உள்ள போகாது அத்தா. தசை ஒவ்வொண்ணும் தானே உள்ளுக்குள்ள செஞ்சுக்கணும். வெளியிலேருந்து போனா உடம்பு எதிரின்னு நெனைச்சு அடிக்கும்."

"எதிரியா? நீதானே சொன்ன, ரெண்டும் அப்படியே ஒரே சாயல்னு? அசந்தா நீயே மாத்திப் பாத்துடுவேன்னியே? ஒரே வம்சம்னியே?"

"சொன்னேன்."

"பொய்யா?"

"பொய்யில்ல அத்தா. சத்தியமா ஒரே வம்சம்தான்."

"அப்புறம் எதுக்கு உதவாத சொந்தத்தைப் பத்தி என்கிட்ட சொன்ன?"

அவர் அதைக் கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். விளங்காமல் கேட்டார். இப்போதும் ஏதோ ஒரு வழியை நாங்கள் சொல்ல மறந்துவிட்டோம், கொஞ்சம் விடாப்பிடியாகக் கேட்டால் ஞாபகம் வந்துவிடும் என்பதுபோல ஜிபாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.  பனி உருகி மேசையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அவருடைய தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன். இந்த முறை உட்கார்ந்தார்.

"பையன்கிட்ட கேட்டுட்டுத்தான் பண்ணினேன்" என்றார். "அவன்தானே அது மேல ஏறிச் சுத்தறவன். உனக்குக் கால் வேணும்னா கஷ்கா போகணும்டா, என்ன சொல்றன்னேன். ராத்திரி பூரா யோசிச்சான். காலையில வந்து அது மூஞ்சியத் தடவிட்டு, சரி தாத்தா, எடுத்துக்குங்கன்னுட்டான். பெரியம்மா செஞ்சு குடுத்துடுவாங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இப்ப நான் போய் அவன்கிட்ட என்னன்னு சொல்வேன்?"

அவருடைய கோட்டுப் பையில் போன் அடித்தது. எடுத்து யார் என்று பார்த்துவிட்டு, அடிக்க அடிக்கக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஜிபாரிடம் நீட்டினார். அவள் வாங்கிக் காதில் வைத்தாள். பக்கத்தில் நின்ற எனக்குக் குரல் தெளிவாகக் கேட்டது.

"தாத்தா?"

"பெரியம்மா பேசறேன்டா கண்ணு."

"பெரியம்மா, கஷ்கா வந்துடுச்சா?"

"வந்துடுச்சுடா."

"அப்ப எப்ப ஆரம்பிப்பீங்க?"

ஜிபார் போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பையன் மறுபடியும் "பெரியம்மா? பெரியம்மா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் காதில் வைத்தேன்.